கீழ்த்தளத்து விறகு ஃபர்னஸைக் கழற்றி விற்க வேண்டும், வழி சொல்லுங்கள்

கொட்டாஞ்சேனை மகள்:

எங்கள் வீடு சரிவில் நிற்கிறது. ரோட்டுப் பக்கம் ஒரு தட்டு, பின் ஒழுங்கையில் நின்று பார்த்தால் இரண்டு. அந்தக் கீழ்த்தளத்தில்தான் அப்பா மோர்மிளகாயும் வடகமும் காயவைத்துக் கடைகளுக்குக் கொடுத்து வந்தார். முதலில் காஸில் ஓடிய உலர்த்திதான். 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாய்க்கு வாங்கிய 12.5 கிலோ சிலிண்டர், அடுத்த ஏப்ரலில் 4,860. அந்த விலைக்கும் வரிசையில் நின்றால்தான் கிடைத்தது. அப்பா பொறுமை இழந்து ஒரு பட்டறையில் சொல்லி விறகு ஃபர்னஸ் செய்வித்தார்.

உள்ளே நெருப்புக்கல் கட்டிய எரியறை, அதன் மேலே இரும்புக் குழாய்கள், பின்னால் காற்று ஊதும் புளோவர். புகை தன் வழியால் புகைபோக்கிக்குப் போய்விடும், குழாய்களைச் சுற்றிச் சூடாகிற காற்று மட்டும் உலர்த்தும் அறைக்குள் வரும். வடகத்தில் ஒருநாளும் புகை மணத்ததில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது அப்பாவுக்கு முழங்கால் ஏலாது. தொழிலை நிறுத்தியாயிற்று, கீழ்த்தளத்தை வாடகைக்குக் கொடுக்க யோசிக்கிறோம். சிக்கல் என்னவென்றால், ஃபர்னஸ் 41 அங்குல அகலம். அதை உள்ளே வைத்த பிறகுதான் பின்வாசலுக்கு நிலை வைத்தோம், அது 32 அங்குலம். ஒரு பழைய இரும்புக்காரர் வந்து கையால் தட்டிப் பார்த்தார். கிலோக் கணக்கில் விலை சொல்லி, காஸ் கட்டரால் துண்டு போட்டுத் தூக்கிவிடலாம் என்றார். அப்பா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார், அதற்குப் பிறகு அன்றைக்கு முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

வெட்டாமல் எடுக்க முடியுமா? எடுத்தால் யார் வாங்குவார்கள்?

பட்டறைத் தம்பி:

அக்கா, வெட்ட வேண்டாம். 41 அங்குலம் என்பது வெளிச்சட்டையின் அகலமாகத்தான் இருக்கும். தகட்டுக்கும் எரியறைக்கும் இடையில் வெப்பம் வெளியேறாமல் பஞ்சு அடைத்திருப்பார்கள், அது மட்டும் இரண்டு பக்கமும் நாலைந்து அங்குலம் தின்னும். வெளித்தகட்டின் திருகாணிகளைக் கழற்றி உள்பெட்டியை அளந்து பாருங்கள். நிலைக்குள் அடங்கிவிடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் சாம்பலை அள்ளுங்கள். இது யாரும் கவனிக்காத விஷயம். சாம்பல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கொழும்புக் காற்றில் அப்படியே விட்டால் அடித்தகடு அரித்துப் போகும். வாங்க வருகிறவன் டோர்ச் அடித்துப் பார்க்கிற முதல் இடமும் அதுதான்.

பிறகு புகைபோக்கி. மேலிருந்து கீழாகக் கழற்ற வேண்டும், கீழ்த் துண்டை முதலில் உருவினால் மேலே நிற்பது தலையில் வரும். ஒவ்வொரு துண்டின் வாயையும் உரப்பையால் கட்டி இறக்குங்கள். பச்சை விறகு எரித்திருந்தால் உள்ளே தார் பிடித்திருக்கும். அது கொட்டினால் சுவரில் படும் கறை சுண்ணாம்பு அடித்தாலும் போகாது.

அடுத்தது கல். 9 அங்குல நெருப்புக்கல் ஒன்று மூன்றரைக் கிலோவுக்குக் குறையாது. அறுபது கல் இருந்தால் அதுவே இருநூறு கிலோவுக்கு மேல். அவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் நாலு பேர் தூக்குகிற சாமான். நெருப்புக் களியில் கட்டியிருந்தால் உளியால் மெல்லத் தட்டவே விட்டுவிடும், சீமெந்து மாதிரி அடம் பிடிக்காது. படம் எடுத்து, சோக்கால் இலக்கம் போட்டு அடுக்குங்கள். வாங்குகிறவன் அதே கல்லைத் திரும்பக் கட்டலாம்.

கதவும் விறகுத் தட்டும் வார்ப்பிரும்பு என்றால் சுத்தியல் படக்கூடாது, வெடித்துவிடும். இறுகின நட்டுகளுக்கு முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். கதவைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கயிறு கண்ணாடி நாரா அஸ்பெஸ்டோஸா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதையும் பஞ்சையும் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டு, பைக்குள் கட்டுங்கள். அப்பாவை அந்த நேரம் மேலே இருக்கச் சொல்லுங்கள்.

மாளிகாவத்தை நானா:

தங்கச்சி, நானே பழைய இரும்பு வியாபாரம்தான், அதனால் சொல்கிறேன். எங்களிடம் வந்தால் எங்களுக்கு நிறைதான் கணக்கு. குழாய் எவ்வளவு நுட்பமாக வெல்ட் பண்ணியிருக்கிறது என்பதற்கு எங்கள் தராசில் இடமில்லை. கல்லுக்கும் பஞ்சுக்கும் ஒரு சதம் கிடையாது, அவற்றை அப்புறப்படுத்தக் கூலி கழிப்போம். புளோவர் மோட்டரைத் தனியாகக் கேட்டு ஆட்கள் வருவார்கள், கொடுத்துவிடாதீர்கள். மோட்டர் போனால் மிச்சம் இரும்புதான்.

கீழ்த்தளத்தில் காஸ் கட்டர் பிடிப்பதும் எனக்குப் பிடிக்காது. தாரில் நெருப்புப் பிடித்தால் புகை போக வழியில்லை.

யாருக்கு விற்றாலும் கழற்றும் முன்னரே விலை பேசி முற்பணம் வாங்குங்கள், மிச்சம் லொறியில் ஏறுமுன். அடையாள அட்டை இலக்கத்தோடு துண்டு ஒன்று எழுதி வையுங்கள். பஞ்சிகாவத்தையில் காலையில் போனால் தூக்குகிற ஆட்களும், பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளொக்கும் வாடகைக்குப் பிடிக்கலாம்.

பேக்கரி வீட்டுப் பிள்ளை:

எங்கள் போறணை விறகில்தான் ஓடுகிறது, ஆனால் பாண் சுட இது உதவாது. இது காற்றைச் சூடாக்கும் யந்திரம். மாரவில, சிலாபம் பக்கம் தேங்காய் காயவைக்கிறவர்கள், மிளகு, கறுவா காயவைக்கிறவர்கள், இவர்களுக்குத்தான் தேவை. தேயிலைத் தொழிற்சாலைகளிலும் விறகால்தான் காற்றைச் சூடாக்குகிறார்கள், ஆனால் அவர்களுக்கு இந்த அளவு காணாது. இக்மன் இணையத்தளத்தில் விளம்பரம் போடுங்கள், சிங்களத்திலும் எழுதுங்கள். எரிகிறபோது ஒரு வீடியோ எடுங்கள். உலர்த்தும் அறையில் வெப்பமானி காட்டுகிற சூட்டையும், புகைபோக்கி வாயில் புகை எவ்வளவு மெல்லியதாகப் போகிறது என்பதையும் காட்டினால் பாதிப் பேரம் முடிந்த மாதிரி.

கொட்டாஞ்சேனை மகள்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு பக்கத் தகட்டைத் திறந்து பார்த்தோம், உள்பெட்டி 30 அங்குலம். தம்பி சொன்னது சரி. மாரவிலயிலிருந்து ஒருவர் வந்தார். அப்பா இறப்பர் விறகைப் போட்டு எரித்துக் காட்டினார். விலை என்னிடம் கேட்கச் சொல்லிவிட்டு, தென்னம் மட்டை எரித்தால் விறகுத் தட்டை எத்தனை நாளைக்கொருமுறை சுரண்ட வேண்டும் என்று அந்த மனிதருக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டார். இரும்புக்காரர் சொன்னதைவிட நல்ல விலை, முற்பணமும் தந்தாயிற்று. கழற்றுவது அவர்கள் பொறுப்பு.

ஒன்று மட்டும் மிச்சம். சுவரில் புகைபோக்கி போன ஓட்டையை எப்படி அடைப்பது?

பட்டறைத் தம்பி:

ஓட்டையைச் சுற்றிப் புகை படிந்த பூச்சை முழுக்கக் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள், அதன்மேல் புதுப் பூச்சு பிடிக்காது. பிறகு செங்கல்லும் சீமெந்தும் போதும். வெளிப்பக்கத்தை முதலில் பூசுங்கள், மே மாத மழைக்கு முன்.