கனடாவின் வான்கூவர் நகரத்துப் பங்க் ராக் இசைக்குழுவான டி.ஓ.ஏ.வோடு உங்களுக்கு நேர்ந்த அனுபவம் என்ன?

கிழக்குச் சாளரம்:

இவர்களின் 'ஜெனரல் ஸ்ட்ரைக்' (பொது வேலைநிறுத்தம்) தட்டைப் பற்றி இங்கே அறியாதவர் இல்லை என்பதால் பாட்டுக்குள் நான் போகவில்லை. பழைய இசைத்தட்டுக் கடையில் அது கிடைத்த மகிழ்ச்சியில் மறுநாள் பள்ளிக்கு எடுத்துச் சென்றேன்; ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த ஆசிரியை ஒருவர் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். 1983 ஜூலையில் மாகாண முதல்வர் பில் பென்னட்டின் அரசு வரவுசெலவுத் திட்டத்தோடு 26 மசோதாக்களைக் கொண்டுவந்து, அரசு ஊழியரின் பணிப் பாதுகாப்பிலும் வாடகைக் கட்டுப்பாட்டிலும் ஒருசேரக் கைவைத்தபோது, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் முழுவதும் கிளம்பிய எதிர்ப்பில் மறியலில் நின்றவர் அவர். உறையின் மடிந்த மூலையை நகத்தால் நீவிவிட்டு, "மழையில் நின்றது நாங்கள், கெலோனாவில் முதல்வர் வீட்டில் பேசி முடித்தது வேறொருவர்" என்றார். கேட்கிறீர்களா என்றதற்கு, வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முழு வேலைநிறுத்தம் நடக்காமலே போன மாகாணத்தில் அதற்கான பாட்டு மட்டும் எஞ்சியிருப்பதை அவர் எப்படிப் பார்த்தார் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இரவுப்பணி:

பேச்சில் செயலைக் கழித்தால் பூஜ்யம் என்பதுதானே இந்தக் குழுவின் முழக்கம்? அதைச் சட்டையில் அச்சிட்டு அணிவோர் டொராண்டோவின் ரெக்ஸ்டேல் பக்கம் ஒருமுறை வந்து பார்க்கட்டும். 1982 அக்டோபர் 14ஆம் தேதி இரவு, க்ரூஸ் ஏவுகணைக்கு வழிகாட்டும் கருவிகளைத் தயாரித்த லிட்டன் தொழிற்சாலையில் 'டைரக்ட் ஆக்‌ஷன்' என்ற தீவிரவாதக் குழுவினர் வைத்த குண்டு, அவர்கள் எச்சரித்திருந்த நேரத்துக்கு முன்பே வெடித்துப் பத்துப் பேரைக் காயப்படுத்தியது. வேலைக்குப் போகும் வண்டியில் நான் டி.ஓ.ஏ. பாட்டைப் போட்டிருந்தபோது, பின்னிருக்கையில் இருந்த பெரியவர், தம் அண்ணன் அந்தத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவர் என்று சொல்லி நிறுத்தச் சொன்னார். குரலை அவர் உயர்த்தவில்லை; முன்னால் கையை நீட்டி ஒலியைத் தாமே குறைத்தார். அதன்பின் அந்த வண்டியில் யாரும் பாட்டுப் போடவில்லை.

நுனிப்புல்:

இரவுப்பணி அவர்கள் இரண்டு குழுக்களை ஒன்றாக்கிவிட்டார். 1983 ஜனவரி 20ஆம் தேதி, ஸ்குவாமிஷ் நெடுஞ்சாலையில் சாலைப் பணியாளர் வேடத்தில் நின்ற காவலர்களிடம் பிடிபட்ட 'டைரக்ட் ஆக்‌ஷன்' ஐவருள் இசைக்கலைஞர் ஜெரி ஹன்னா ஒருவரே. அவர் வாசித்தது சப்ஹியூமன்ஸ் என்ற இசைக்குழுவில், டி.ஓ.ஏ.வில் அல்ல. ஐவரின் வழக்குச் செலவுக்காக டி.ஓ.ஏ. தட்டு வெளியிட்டது உண்மை. வழக்குக்குப் பணம் திரட்டுவதும் குண்டு வைப்பதும் ஒன்றாகிவிடாது. சட்ட உதவி வழங்கும் எவரையும் நாம் அப்படிச் சொல்வதில்லை. ஹன்னாவுக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, ஐந்தாண்டு சிறையில் கழிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

என் அனுபவம் சிறியது. ஈஸ்ட் ஹேஸ்டிங்ஸ் தெருவின் ஸ்மைலின் புத்தா விடுதியில்தான் இவர்கள் தொடக்க காலத்தில் வாசித்தார்கள். அதன் நியான் பலகை இப்போது வான்கூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பலகைக்குக் கீழே நின்ற காவலாளியிடம் அந்த இடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். மூக்கைப் பொத்திக் காட்டிவிட்டு அடுத்த அறைக்கு நடந்தார்.

தோற்கருவி:

என் மகன் இவர்களின் 'ஹார்ட்கோர் 81' தட்டைக் காதில் மாட்டிக்கொண்டு குழுவின் டிரம்ஸ் கலைஞர் சக் பிஸ்கட்ஸோடு சேர்ந்து டிரம்ஸ் வாசிக்க முயன்று, குச்சி முறிந்து அதன் துண்டு சாமி படத்தில் போய் விழுந்தது. அவ்வளவுதான். ஆனால் புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். 1978இல் பாடகர் ஜோயி கீத்லியும் ராண்டி ராம்பேஜும் பிஸ்கட்ஸும் மூவராகத் தொடங்கிய இந்தக் குழுவை, அதே ஆண்டு வந்த 'டிஸ்கோ சக்ஸ்' தட்டிலிருந்து கேட்காதீர்கள். ஒலிப்பதிவு கரடுமுரடானது, பலரும் அங்கேயே விலகிவிடுகிறார்கள். 1980இன் 'சம்திங் பெட்டர் சேஞ்ச்' முதலில் வரட்டும். பிறகு 'ஹார்ட்கோர் 81'. இந்த இசைக்கு ஹார்ட்கோர் என்ற பெயர் பரவியதில் அந்த உறைக்குப் பெரும் பங்கு உண்டு என்பார்கள். பெயரை இவர்களே சூட்டினார்கள் என்று வாதிடுவோரிடம் நீங்கள் வாய் கொடுக்க வேண்டாம். 1982இன் 'வார் ஆன் 45' வரும்போது பிஸ்கட்ஸ் இல்லை. தாளம் தளர்ந்து, ரெகே கலந்து, சொற்கள் தெளிவாகக் கேட்கும். அரசியலுக்காகக் கேட்பவர் அதிலிருந்தே தொடங்கலாம். தட்டு வாங்குவோர் முனை வளைந்ததை வாங்காதீர்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கீறல் தெரியும். கச்சேரிக்குப் போவோர் காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள். இதை எந்த இளைஞரும் கேட்பதில்லை, நாற்பதைத் தாண்டியதும் காதில் இரைச்சல் என்று மருத்துவரிடம் ஓடுகிறார்கள்.

பர்னபி மருமகள்:

காதுக்கு நன்றி, ஐயா. வாக்குச்சீட்டைப் பற்றியும் யாராவது பேசலாம். 2018இல் வான்கூவரை அடுத்த பர்னபி நகரசபைத் தேர்தலில் நீண்ட பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தபோது, கீத்லி என்ற பெயரின்மேல் என் கணவரின் விரல் நின்றது. "இது ஜோயி" என்று அவர் சத்தமாகச் சொல்லிவிட, மேசையில் இருந்த அலுவலர் எங்களை முறைத்தார். மெட்ரோடவுனில் பழைய வாடகைக் குடியிருப்புகளை இடித்துக் கோபுரங்கள் எழுப்பிய காலம் அது. எங்கள் மாடியிலும் இருவர் வெளியேறியிருந்தனர். 1996இலிருந்து பசுமைக் கட்சிக்காக நின்று தோற்றவர் அம்முறை வென்றார், 2022இலும் வென்றார். கிழக்குச் சாளரம் அவர்கள் சொன்ன ஆசிரியைக்கு இது ஆறுதலாக இருக்காது என்பது தெரியும். ஆனால் வாடகைக்காரர்களுக்கு மாற்றுவீடு பற்றிய விவாதத்தில் கையுயர்த்தும் உரிமை உள்ள ஓர் இருக்கை, என் கணக்கில், நல்ல பாட்டைவிடப் பெரியது. இரவுப்பணி அவர்கள் இதைச் செயல் என்று ஏற்பாரா என்பதை அவரே சொல்லட்டும்.