பல்கலைக்கழகக் கணக்கில் துண்டு விழுவதற்குச் சம்பளம்தான் காரணமா?

ஹட்டன் கணக்கீட்டாசிரியர்:
உயர்தர வகுப்பில் கணக்கீடு கற்பிக்கிறேன். பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படும் ஆண்டறிக்கைகளைப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாகக் கொடுப்பது வழக்கம். இம்முறை மலையகப் பல்கலைக்கழகமொன்றின் நிதிக்கூற்றை எடுத்தோம். மீண்டெழும் செலவில், அதாவது ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் செலவில், பெரும்பகுதி சம்பளத்துக்கும் படிகளுக்கும் போயிருப்பதையும், ஆண்டு முடிவில் பற்றாக்குறை காட்டப்பட்டிருப்பதையும் கண்ட ஒரு மாணவி, "திறைசேரிதானே சேர் சம்பளம் கொடுக்கிறது, பிறகு எப்படித் துண்டு விழும்?" என்று கேட்டாள். ஆசிரியர்களைப் பயிற்றும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியைப் பற்றி இப்படியொரு பேச்சு எழாதது ஏன் என்றும் கேட்டார்கள். விடயம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றி.

கண்டி நிதிப்பிரிவு:
ஆசிரியர் அவர்களே, இரண்டாவது கேள்வி எளிது. கல்வியியற் கல்லூரி கல்வி அமைச்சின் கீழ் இயங்குகிறது. அங்கு கற்பிப்போர் அரச சேவையாளர் என்பதால், சம்பளத்தை அமைச்சும் ஓய்வூதியத்தை ஓய்வூதியத் திணைக்களமும் பார்த்துக்கொள்கின்றன. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அமைந்த பல்கலைக்கழகமோ தனி நிறுவனம்; தன் கணக்கைத் தானே முடித்துக் காட்ட வேண்டும்.

மாணவியின் கேள்விக்கான விடை பெரும்பாலும் பணிக்கொடையில், அதாவது சேவை முடிந்து விலகும்போது கொடுக்கும் மொத்தத் தொகையில், இருக்கிறது. திறைசேரி மானியம் காசாக வருகிறது, கணக்கோ அட்டுறு அடிப்படையில், அதாவது காசு கைமாறும்வரை காத்திராமல் பொறுப்பு ஏற்படும்போதே செலவைப் பதியும் முறையில், எழுதப்படுகிறது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, மாதச் சம்பளக்காரர் ஒருவருக்குச் சேவையாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் இறுதியாகப் பெற்ற சம்பளத்தில் அரை மாதத் தொகை பணிக்கொடையாகச் சேர வேண்டும். ஆகவே இன்று சம்பளம் உயர்ந்தால், கடந்துபோன ஆண்டுகளுக்கான பொறுப்பும் சேர்ந்தே உயர்கிறது. 2025 வரவு செலவுத் திட்டம் அரச சேவையின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகக் கட்டங்கட்டமாக உயர்த்துகிறது. முன்பிருந்த படிகள் உள்ளடக்கப்படுவதால் நிகர உயர்வு 8,250 ரூபா. இந்த நிகர உயர்வை மட்டும் எடுத்தாலும், 20 வருடச் சேவையுள்ள ஒருவருக்கு 82,500 ரூபா கூடுகிறது. அவர் ஓய்வுபெறும்வரை அதற்காக ஒரு சதமும் வெளியே போகாது. ஆனால் அதைப் பின்னர் கொடுப்பதற்கான ஒதுக்கம், கணக்கீட்டு மொழியில் 'ஏற்பாடு', இப்போதே செலவாகப் பதியப்படுகிறது, துண்டும் விழுகிறது.

பதுளை வருகைதரு விரிவுரையாளர்:
மேலுள்ள விளக்கம் சரியானதே. ஆயினும் அதைப் படிப்பவர்கள் நெருக்கடி ஏட்டில் மட்டுமே இருப்பதாக எண்ணிவிடக்கூடாது. மானியம் போதாதபோது சம்பளத்தில் கைவைக்க முடியாது என்பதால், ஆய்வுகூட இரசாயனம், சஞ்சிகைச் சந்தா, கட்டடப் பராமரிப்பு ஆகியவைதான் வெட்டப்படுகின்றன. மழை ஓயாத எங்கள் பக்கத்தில், ஓராண்டு தள்ளிப்போடப்பட்ட கூரைத் திருத்தம் அடுத்த ஆண்டு உட்கூரையையும் மின்னிணைப்பையும் சேர்த்து மாற்றும் வேலையாகிவிடுகிறது.

பதவி வெற்றிடங்களாலும் பணம் மிச்சமாவதில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் விரிவுரையாளர் பலர் வெளிநாடு போயினர். புதிய பதவிக்கு முகாமைத்துவச் சேவைகள் திணைக்களத்தின் அங்கீகாரம் வேண்டும். அது வரும்வரை என்னைப் போன்றோர் மணித்தியாலக் கணக்கில் அழைக்கப்படுகிறோம். கண்டியிலிருந்து பதுளைக்கு ஒருவரை வரவழைத்தால் பயணச் செலவு, தங்குமிடம் இரண்டும் கொடுக்க வேண்டும். கொழும்பில் இந்தச் செலவு அநேகமாக எழாது. மாணவர் தொகையை மட்டும் பார்த்து மானியத்தை மதிப்பிடுவோர் இதைக் கவனிப்பதில்லை என்பது என் மனக்குறை.

ஹட்டன் கணக்கீட்டாசிரியர்:
இருவருக்கும் நன்றி. முதற்பட்டம் இலவசம் என்பதால் கட்டணம் உயர்த்த வழியில்லை. அப்படியானால் இந்த இடைவெளியைப் பல்கலைக்கழகம் தானாக நிரப்ப முடியுமா?

கண்டி நிதிப்பிரிவு:
பட்டப்பின் படிப்பு, வெளிவாரிப் பரீட்சை, குறுங்கால டிப்ளோமா ஆகியவற்றால் வருமானம் உண்டு. ஆனால் அவற்றைக் கற்பிப்போருக்கும் கொடுப்பனவு போவதால் மிஞ்சுவது சொற்பம். பிள்ளைகளிடம் பணிக்கொடை பற்றிய குறிப்பை எடுக்கச் சொல்லுங்கள்: ஆண்டுக்குரிய ஏற்பாடு எவ்வளவு, காசு வரவையும் போக்கையும் காட்டும் காசுப்பாய்ச்சற் கூற்றில் உண்மையில் கொடுத்தது எவ்வளவு என்று பார்த்து, அந்த வித்தியாசத்தைப் பற்றாக்குறையுடன் ஒப்பிடட்டும்.