ராயபுரத்தில் மீட்டிங் தேடிப்போன கதை

தண்டையார்பேட்டை ஆட்டோக்காரன்:

குடியை விட நினைக்கிறவங்க ஒண்ணா கூடற ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங் நம்ம ஏரியாவுல எங்கே நடக்குது, எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். நான் கண்டுபிடிச்ச லட்சணத்தைச் சொல்றேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி. டாஸ்மாக் கடை 12 மணிக்குத்தான் திறப்பான். நான் பதினொன்றரைக்கே எதிர்ல வண்டியை ஓரங்கட்டிடுவேன். சவாரி கேட்டா, "கேஸ் போடணும் சார், வராது." கை நடுக்கத்துல சாவி போட முடியாது, அதுதான் உண்மை. அக்கா பையன்தான் போன்ல தேடி ரெண்டு விவரம் எடுத்துக் கொடுத்தான். ஒரு நம்பர் உபயோகத்துலயே இல்ல. இன்னொண்ணு ராயபுரத்துல சர்ச்சை ஒட்டின ஒரு ஸ்கூல், சாயந்திரம் ஏழு மணி.

போனேன். போர்டு எதுவும் கிடையாது. கேட்டைத் தாண்டி ரெண்டு தடவை போயிட்டுப் போயிட்டுத் திரும்பினேன். வாட்ச்மேன் பார்த்துட்டே இருந்தாரு. "இன்னாபா, யார் வேணும்?" "மீட்டிங்..." "இன்னா மீட்டிங்?" குடிகாரங்க மீட்டிங்னு வாய்ல வரல. "பிரேயர் மீட்டிங்"னுட்டேன். அவரு பாவம், மரியாதையா கூட்டிட்டுப் போய் ஜெபமாலை சொல்லிட்டிருந்த அம்மாங்க நடுவுல உட்கார வச்சிட்டாரு. அரை மணி நேரம். நான் சாமியே கும்பிடாதவன். எழுந்திரிக்கவும் வெக்கம். என் கை ஆடறதைப் பார்த்து ஒரு பாட்டி எனக்காகத் தனியா வேற ஜெபம் பண்ணுச்சு. கடைசில வாட்ச்மேனே எட்டிப் பார்த்து, "யோவ், நீ அந்த மீட்டிங்கா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? மாடிக்குப் போ"ன்னாரு.

மாடியில ஆறாங்கிளாஸ் ரூம். முட்டி இடிக்கிற பெஞ்சு, போர்டுல பின்னக்கணக்கு அழிக்காம இருக்கு. பதினாலு பதினஞ்சு பேர். முடிக்கிற நேரம். "புதுசா யாராச்சும்?"னாங்க, கை தூக்கல, ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு. ஒருத்தர் டீ ஊத்தினாரு. மத்தவங்களுக்கெல்லாம் ரொம்பி வழியுது, எனக்கு மட்டும் பாதி கப். கஞ்சத்தனம்னு நினைச்சேன். கையில வாங்கினப்பறம்தான் புரிஞ்சுது. முழுசா ஊத்தியிருந்தா சட்டை மேலதான் இருந்திருக்கும்.

பேர் மட்டும் கேட்டாங்க. ஊரு, ஜாதி, வேலை எதுவும் இல்ல. கையெழுத்து, பீஸ் கிடையாது. ஒரு பை சுத்தி வந்துது, "புதுசா வந்தவங்க போட வேணாம்"னாங்க. வெளியாளு லட்ச ரூபா கொடுத்தாலும் வாங்க மாட்டாங்களாம். குடியை நிறுத்தணும்னு ஆசை இருந்தா போதும், நீ மெம்பர். ஹார்பர்ல வேலை செஞ்ச பெரியவர் ஒருத்தர் கீழ இறங்கறப்ப கதை சொன்னாரு: 1935ல, அமெரிக்காவுல ஆக்ரான்னு ஒரு ஊரு, பங்குச்சந்தைக்காரன் ஒருத்தன், ஆபரேஷன் டாக்டர் ஒருத்தன், ரெண்டு குடிகாரனுங்க உட்கார்ந்து பேசினதுல ஆரம்பிச்சதாம். இந்தியாவுக்கு 1957ல வந்துதாம். அதை விட அவரு குவாட்டரை அரிசி டிரம்ல ஒளிச்சு வச்ச கதைதான் எனக்குப் பிடிச்சுது. நான் ஸ்டெப்னி டயருக்குள்ள வைப்பேன்.

வாழ்நாள் பூரா குடிக்க மாட்டேன்னு சத்தியம் கேட்பாங்கன்னு பயந்தேன். "இன்னிக்கு நைட்டு மட்டும் பாரு. நாளைக்கு எட்டு மணிக்கு எனக்கு போன் பண்ணு"ன்னாரு. அவ்வளவுதான். பண்ணேன்.

வியாசர்பாடி அக்கா:

அண்ணே, ஜெபமாலை மேட்டரைப் படிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி. என் வீட்டுக்காரர் இன்னிக்கு வரைக்கும் வரல. நான்தான் போனேன், வீட்டு ஆளுங்களுக்குன்னு இருக்கிற அல்-அனானுக்கு. நீங்க சொன்ன பங்குச்சந்தைக்காரரோட வீட்டம்மா இன்னொரு பொம்பளையோட சேர்ந்து 1951ல ஆரம்பிச்சதுதான் அது. பாட்டிலை சாக்கடையில ஊத்தறது, அவர் கம்பெனிக்கு போன் போட்டு "காய்ச்சல் சார்"னு பொய் சொல்றது, எல்லாம் நானே செஞ்சிட்டிருந்தேன். பொய் சொல்றதை நிறுத்தின அன்னிக்கு எனக்குத்தான் கை நடுங்குச்சு.

ஓட்டேரி நர்ஸ்:

ஒண்ணு மட்டும் குறுக்கே சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. தினமும் குடிக்கிறவங்க வீட்டுல பூட்டிக்கிட்டுத் திடீர்னு நிறுத்தாதீங்க. முதல் ரெண்டு மூணு நாள்ல ஃபிட்ஸ் வரலாம், சுவத்துல பூச்சி ஊர்ற மாதிரி தெரியலாம், சில பேருக்கு உயிருக்கே ஆபத்து. மீட்டிங் வைத்தியம் இல்ல. முதல்ல ஆஸ்பத்திரி, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலயே போதை மறுவாழ்வு வார்டு இருக்கு. அங்க போறதுக்கு வெக்கப்படறவங்களுக்கு 14446, இலவச நம்பர், வீட்டுல இருந்தே கேட்கலாம். 1980ல ஆரம்பிச்ச அடையாறு டிடிகே ஆஸ்பத்திரியும் இதுக்குன்னே இருக்கிறதுதான், ஆனா நம்ம பக்கத்துல இருந்து தூரம்.

முதல்ல கேட்ட தம்பி:

ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் இருந்துட்டு முந்தாநாள்தான் வந்தேன். இன்னிக்கு சாயந்திரம் போலாம்னு இருக்கேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டுட்டான்னா லேட் ஆயிடும். உள்ள விடுவாங்களா அண்ணே?

தண்டையார்பேட்டை ஆட்டோக்காரன்:

நான் முடிக்கிற நேரத்துலதான் போனேன் தம்பி, விட்டாங்க. கடைசி பெஞ்சு எப்பவும் காலியாத்தான் இருக்கும். கேட்டுல அதே வாட்ச்மேன்தான் இருக்காரு. பிரேயர்னு மட்டும் சொல்லிடாதே.