புதுப்பிப்பு: லெட் செப்பலினின் 'இன் த்ரூ தி அவுட் டோர்'

பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பலினின் இந்த 1979 ஆல்பத்தில் பாதி தேறும், பாதி தேறாது என்று முன்பு எழுதியிருந்தேன். எந்தப் பாதி என்று பலர் கேட்டுவிட்டார்கள்.

சரி, தேறாதது 'ஹாட் டாக்'. கன்ட்ரி பாணியில் ஒரு விளையாட்டு, ஒருமுறை கேட்டால் போதும்.

இழுபறி 'கரௌசலாம்ப்ரா'வில்தான். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. ஜான் பால் ஜோன்ஸின் சின்தசைசர் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது, பாடகர் பிளான்ட் என்ன பாடுகிறார் என்றே பிடிபடவில்லை. நடுவில் வேகம் தணிந்து பேஜின் கிதார் தலைகாட்டும்போதுதான் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். பதிவுக்காக ஸ்டாக்ஹோமின் போலார் ஸ்டுடியோவுக்கு ஜோன்ஸும் பிளான்ட்டும்தான் நேரத்துக்கு வந்தார்கள் என்பது தெரிந்த கதை. ஜோன்ஸின் கை ஓங்கியிருப்பது கேட்டாலே தெரிகிறது!

'ஃபூல் இன் தி ரெயின்' கேட்கும்போது ஹெட்போனில் டிரம்மர் பானமை மட்டும் பின்தொடருங்கள். ஸ்னேர் டிரம்மில் பெரிய அடிகளுக்கு நடுவே காதில் விழுந்தும் விழாமலும் சின்னச் சின்னத் தட்டல்கள். பாதியில் விசில் ஊதி பிரேசிலின் சாம்பா தாளத்துக்குத் தாவுகிறார்கள், அப்புறம் எதுவும் நடக்காததுபோல் பழைய தாளத்துக்கே திரும்புகிறார்கள்.

'ஆல் மை லவ்' குழைகிறது என்று ஒருவர் சொன்னார். குழையட்டுமே. 1977-இல் இறந்த மகனை நினைத்து பிளான்ட் பாடியது அது.