ஜஸ்பால் பட்டியைச் சண்டிகரில் பார்த்தது

தூர்தர்ஷனில் நையாண்டி நிகழ்ச்சிகள் செய்த ஜஸ்பால் பட்டியை நேரில் பார்த்த தமிழர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன். மத்திய அரசு வேலையில் மாற்றலாகி எண்பதுகளின் கடைசியில் சண்டிகர் போய்ச் சேர்ந்தேன். பஞ்சாபில் தீவிரவாதம் உச்சத்தில் இருந்த வருடங்கள் அவை, சாயங்காலம் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்று எல்லோரும் அவசரப்படுவார்கள், காலையில் பேப்பரைப் பிரித்தால் முதல் பக்கத்தில் சாவுச் செய்திதான். அந்த நேரத்தில் அந்த மண்ணிலிருந்தே ஒரு மனிதர் தூர்தர்ஷனில் வந்து நாட்டையே சிரிக்க வைத்தார் என்பதை அங்கே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் முழுசாகப் புரியும்.

அமிர்தசரஸில் பிறந்தவர், பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிகல் படித்தவர், ட்ரிப்யூன் நாளிதழில் கார்ட்டூன் போட்டவர். ‘உல்டா புல்டா’ என்று தூர்தர்ஷனில் சில நிமிடத் துணுக்குகளாகச் செய்துகொண்டிருந்தார். அப்புறம் 1989-ல் ‘ஃப்ளாப் ஷோ’ என்ற நையாண்டித் தொடர். மொத்தமே பத்து எபிசோடுதான். பணம் போட்டு எடுத்த பகட்டு எதுவும் அதில் கிடையாது. தயாரித்தவர் அவர் மனைவி சவிதா பட்டி, திரையிலும் பெரும்பாலும் மனைவியாகவே வருவார். டைட்டிலில் ‘இயக்கம்’ என்று போட மாட்டார்கள், ‘தவறாக இயக்கியவர்’ என்று போடுவார்கள். ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் ஏதாவது ஒரு சினிமாப் பாட்டு மெட்டில் கிண்டல் பாட்டு ஒன்று உண்டு. என் பக்கத்து மேசைக்கார சர்தார்ஜி, வயதில் எனக்கு மூத்தவர், அந்தப் பாட்டு வரிகளை டீ நேரத்தில் பாடிக் காட்டி எனக்கு அர்த்தம் சொல்வார்.

என்னுடைய வேலை பில் செக்‌ஷனில். ஊழியர்கள் கொண்டுவரும் மெடிக்கல் பில்லைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். ஃப்ளாப் ஷோவில் ஒரு எபிசோடு முழுக்க அதுதான் கதை, பொய் மெடிக்கல் பில் போட்டு ஆபீஸில் பணம் வாங்குவது. அது ஒளிபரப்பான மறுநாள் எங்கள் ஆபீஸ் இருந்த இருப்பு வேறு மாதிரி. முந்தின வாரம் வரை தைரியமாக பில்லைக் கொண்டுவந்து மேசையில் வைத்தவர்கள் அன்றைக்கு என் கண்ணைப் பார்க்கவில்லை, ஒருவர் கொடுத்த பில்லைத் திரும்ப வாங்கிக்கொண்டே போய்விட்டார். அது எத்தனை நாள் நீடித்தது என்று கேட்காதீர்கள், பழக்கம் சீக்கிரமே திரும்பி வந்தது. ஆனால் எத்தனையோ சுற்றறிக்கை வந்தும் அசையாத ஒரு கூட்டத்தை, ஒரு நாளாவது, ஒரு டிவி நிகழ்ச்சி கூச வைத்தது. அதை நான் பார்த்தேன்.

ஏன் அவ்வளவு உறைத்தது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நையாண்டி செய்பவர்கள் பொதுவாகத் தங்களைப் பாதிக்கப்பட்டவர் பக்கம் நிறுத்திக்கொள்வார்கள், நாம் நல்லவர்கள் அவன்தான் திருடன் என்று. பட்டி அப்படிச் செய்யவில்லை, திருடன் வேஷத்தைத் தானே போட்டுக்கொண்டார். பிஎச்.டி மாணவனை வீட்டு வேலைக்காரன் மாதிரி ஓட வைக்கிற பேராசிரியர் அவர்தான், மட்டமாகக் கட்டடம் கட்டுகிற காண்டிராக்டரும் அவர்தான். விவேக் ஷௌக் போன்ற அருமையான நடிகர்கள் சுற்றிலும் நின்று ஆடுவார்கள், இவர் தலைப்பாகையும் தாடியுமாக முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், செய்கிற அயோக்கியத்தனம் ஏதோ ஊர் வழக்கம் என்பது போலப் பேசிக்கொண்டு போவார். பார்க்கிறவனுக்கு எதிரில் இருப்பவனைக் கைகாட்ட வழியில்லை, அந்த ஆள் நம்மை மாதிரியே இருக்கிறானே என்றுதான் தோன்றும். ‘மீட்டிங்’ எபிசோடைப் பார்த்துவிட்டு எங்கள் மேலதிகாரி ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார், அடுத்த வாரம் அதே மாதிரி ஒரு மீட்டிங்கை நடத்தினார். எனக்கு அது சிரிப்பாக இல்லை, பட்டி எவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறார் என்ற வியப்புதான் வந்தது.

நேரில் பார்த்தது பல வருடம் கழித்து, 2009 சண்டிகர் கார்னிவலில். துவரம்பருப்பு கிலோ நூறு ரூபாயை நெருங்கி மிரட்டிய வருடம் அது, சாம்பார் வைக்கிற வீட்டுக்காரர்களுக்கு மறந்திருக்காது. அவருடைய ‘நான்சென்ஸ் கிளப்’ அங்கே ஒரு ஸ்டால் போட்டிருந்தது. திருவிழாவில் வளையம் எறிந்து பொம்மை ஜெயிப்போமே, அதே விளையாட்டு, ஆனால் பொம்மைக்குப் பதில் காய்கறி, பருப்பு, எண்ணெய். வளையம் விழுந்தால் பொருள் உங்களுக்கு. கூட்டம் நெருக்கித் தள்ளியது. அவர் ஓரமாக, டிவியில் பார்த்த அதே முகத்தோடு நின்றிருந்தார். நான் வணக்கம் சொன்னேன், அவரும் கைகூப்பினார், அவ்வளவுதான் எங்கள் சந்திப்பு. என் மனைவி குறி பார்த்து எறிந்த வளையம் பருப்புப் பொட்டலத்தை உரசிக்கொண்டு கீழே விழுந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி உண்மையான கோபத்தோடு, மார்க்கெட்டிலும் எங்கள் நிலைமை இதுதான் மகளே என்று பஞ்சாபியில் சொன்னார். விலைவாசி பற்றி மேடை போட்டுப் பேசியிருந்தால் அந்தப் பாட்டி அங்கே நின்றிருக்கவே மாட்டார்.

டிவியோடு நிறுத்திக்கொள்ளாமல் தெருவுக்கு வந்தது அவருடைய பெரிய குணம் என்பேன். ஊழலைக் கிண்டலடித்து ‘ஹவாலா பார்ட்டி’, ‘சூட்கேஸ் பார்ட்டி’ என்று கேலிக்காகவே கட்சிகள் ஆரம்பித்திருக்கிறார், மொகாலியில் நடிப்பும் அனிமேஷனும் சொல்லித்தரும் பள்ளி நடத்தினார்.

2012 அக்டோபர் 25 அதிகாலை, ஜலந்தர் மாவட்டம் ஷாகோட் அருகே கார் விபத்தில் போய்விட்டார், 57 வயது. பஞ்சாபின் மின்வெட்டை வைத்து எடுத்த ‘பவர் கட்’ படத்தின் விளம்பரத்துக்காகப் போய்க்கொண்டிருந்தார், படம் மறுநாள் வெளியாக வேண்டியது. எலக்ட்ரிகல் படித்தவருக்கு அந்த விஷயம் எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. அடுத்த வருடம் பத்ம பூஷண் அறிவித்தார்கள், சரி, உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

ஃப்ளாப் ஷோ யூடியூபில் கிடைக்கிறது. இந்தி அரைகுறையாகத் தெரிந்தாலும் போதும், பிஎச்.டி எபிசோடில் ஆரம்பியுங்கள், ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள் அடுத்ததாக மெடிக்கல் பில்லைப் பாருங்கள். பார்த்தவர்கள் எது பிடித்தது என்று சொல்லுங்கள், இங்கே தமிழில் அவரைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் எனக்கு ரொம்ப சந்தோஷம்.