புதுப்பிப்பு: லிவிங் வில்லில் உறுப்பு தானம் – எழுதியாச்சு

லிவிங் வில்லில் (நானே சொல்ல முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணம்) உறுப்பு தான விருப்பத்தையும் சேர்க்கலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். சேர்த்தாயிற்று.

பதில்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்: "வென்டிலேட்டர் வேண்டாம்னு எழுதிட்டு, உறுப்பை எடுத்துக்கோங்கன்னும் எழுதினா எப்படி?" நியாயமான கேள்வி. மூளைச்சாவு உறுதியான பிறகும், உறுப்புகளை எடுக்கும்வரை ரத்தமும் ஆக்சிஜனும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு வென்டிலேட்டர் ஓடியாக வேண்டும். ஆக, "எந்தக் கருவியும் வேண்டாம்" என்ற ஒற்றை வரியே தானத்தை முடக்கிவிடலாம். நான் எழுதியது: குணமாக வாய்ப்பில்லாதபோது உயிரை இழுத்துப்பிடிக்கும் சிகிச்சை வேண்டாம், தானம் சாத்தியமென்றால் மட்டும், அதற்கான பரிசோதனைகளுக்கும் தற்காலிகக் கருவி உதவிக்கும் சம்மதம். மருத்துவரிடம் காட்டி வாசகத்தைச் சரிபார்த்துக்கொண்டேன்.

சொத்து உயிலிலேயே எழுதலாமே என்றவருக்கு: அதைப் பிரித்துப் படிக்கும்போது காரியமெல்லாம் முடிந்திருக்கும்.

எழுதியதைவிட வீட்டில் பேசியதுதான் பெரும்பாடு. உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்த அட்டை இருந்தாலும் பல இடங்களில் குடும்பத்தாரைத்தானே கேட்பார்கள்? "இப்ப எதுக்கு இந்தப் பேச்சு" என்று மனைவி எழுந்து போய்விட்டாள். பிறகு அவளே, "கண்ணும் உண்டா?" என்றாள். கருவிழியையும் சேர்த்தேன், இதயம் நின்ற பிறகும் சில மணி நேரத்துக்குள் எடுக்கலாம், வென்டிலேட்டர் தேவையில்லை.

எனக்காக முடிவெடுக்கும் பொறுப்பு தம்பிக்கு. தனக்கும் ஒன்று எழுத, என் வாசகத்தை மாதிரியாகக் கேட்கிறான். பெயர்களை நீக்கிவிட்டு இங்கேயும் போடுகிறேன்.