அம்மாவுக்கு மின்னணு உருப்பெருக்கி: பயன்படுத்தியவர்கள் வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் இருக்கும் என் அம்மாவுக்கு 74 வயது. விழித்திரையின் மையப்பகுதி சிதைந்து, நேர்ப்பார்வை மங்கிவிட்டது, ஓரப்பார்வை இருக்கிறது. நாளிதழை வரி விடாமல் படித்தவர், இப்போது தலைப்புகளோடு நிறுத்திக்கொள்கிறார். அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

கண்ணாடி லென்ஸில் உருவம் பெரிதாகப் பெரிதாக, தெரியும் பரப்பு சுருங்கிவிடுகிறது. அதனால், எழுத்தைக் கேமராவில் பிடித்துத் திரையில் பெரிதாகக் காட்டும் மின்னணுக் கருவி வாங்க நினைக்கிறேன். கைபேசித் திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் அவருக்குக் கண் கூசுவதில்லை. அந்த வசதி கட்டாயம் வேண்டும்.

5 அங்குலக் கைக்கருவியை மருந்து அட்டை மேல் வைத்து, படத்தை உறையவைத்துப் படிக்கலாம். ஆனால் நாளிதழுக்கு அது போதுமா? அம்மாவுக்குக் கை சற்று நடுங்கும். தாளை நகர்த்தும் தட்டுடன் கூடிய மேசைக் கருவிதான் ஏற்றதா? தமிழ் எழுத்தின் புள்ளியும் சுழியும் எதில் தெளிவாகத் தெரிகின்றன? தொடுதிரையைவிடத் தடவி அறியும் பொத்தான்கள் நல்லவை என்பது என் எண்ணம். வாங்குமுன் மதுரையில் எங்கே பயன்படுத்திப் பார்க்கலாம், பழுதானால் யார் சரிசெய்வார்கள் என்றும் சொல்லுங்கள்.